டாமி ஜானின் இடது கை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் உன் பேரன் பேஸ்பாலில் பிட்சராக, அதாவது பந்தை எறிபவனாக, ஆடத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் 14 வயதிலேயே அவனுக்கு முழங்கையின் உட்புறம் வலி கண்டிருப்பதைப் படித்ததும் கவலையாகிவிட்டது. டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் முன்னைவிட வேகமாக எறியலாம் என்று அவனுடைய கூட்டாளிகள் சொல்வதாக எழுதி, யார் இந்த மருத்துவர் என்றும் கேட்டிருந்தாய். டாமி ஜான் மருத்துவர் அல்லர், நோயாளி. லாஸ் ஏஞ்சலிஸில் நான் வேலை பார்த்த நாள்களில் வின் ஸ்கல்லியின் வானொலி வர்ணனையைக் கேட்டுத்தான் இந்த ஆட்டமே எனக்குப் பிடிபட்டது. அப்போது அடிக்கடி காதில் விழுந்த பெயர் அவருடையது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இண்டியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் நகரில் 1943இல் பிறந்த இடதுகை ஆட்டக்காரர் அவர். 1963இல் கிளீவ்லாந்து அணிக்காகக் களம் இறங்கினார்; பிறகு சிகாகோ ஒயிட் சாக்ஸ்; 1972 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். வேகத்துக்குப் பெயர் பெற்றவர் அல்லர். அவருடைய ஆயுதம் சிங்கர் என்ற வகைப் பந்து. மட்டையை நெருங்கும் நேரத்தில் அது தாழ்ந்துவிடுவதால், அடிப்பவருக்குப் பந்தின் மேற்பகுதிதான் மட்டையில் படும்; பந்து தரையில் உருண்டு நேராகத் தடுப்பாளரின் கைக்குப் போய்விடும். நோலன் ரயன் ஏறத்தாழ 5,400 இன்னிங்ஸ்களில் 5,714 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவே விடாமல் வெளியேற்றினார் என்றால், டாமி ஜான் 4,700 இன்னிங்ஸ்களுக்கு மேல் எறிந்தும் அந்த வகையில் வீழ்த்தியது 2,245 பேரைத்தான். அடிக்க விட்டே ஆளை அவுட்டாக்கும் இந்தக் கலை எனக்கு எப்போதும் மிகவும் பிடித்தமானது. நம் கல்லூரி அணியில் நீ சுழற்பந்து வீசியவன் என்பதால் உனக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1974ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று மான்ட்ரியால் அணிக்கு எதிராக எறிந்துகொண்டிருந்தபோது அவருடைய முழங்கை போயிற்று. பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சரின் பெயரிலும் எழுதுவார்கள்; அந்தப் பருவத்தில் அதுவரை 13 வெற்றி, 3 தோல்வி என்று உச்சத்தில் இருந்தார். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி எறிவதற்கு விதியே தடையாக நிற்கிறது. பேஸ்பாலில் கையைப் பின்னால் வளைத்துச் சாட்டையைப் போல் முன்னே சொடுக்குவதுதான் பிட்சரின் தொழில். அப்படிச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உட்புறத்தில் பிணைத்திருக்கும் தசைநார் பிய்ந்துவிடும் அளவுக்கு இழுபடுகிறது. அது முழுவதும் கிழிந்தால் அந்நாளில் ஆட்டம் முடிந்தது என்றே பொருள். அதே டாட்ஜர்ஸ் அணியின் சாண்டி கூஃபாக்ஸ் 1966இல், தம் 30ஆம் வயதில், திறமையின் உச்சியில் இருக்கும்போதே முழங்கை வலியால் ஓய்வு பெற்றிருந்தார்.

அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அதுவரை எந்தப் பிட்சருக்கும் செய்யாத ஒன்றை 1974 செப்டம்பர் 25 அன்று செய்தார். உன் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பார். நடுவில் கயிறு போல் ஒரு நாண் புடைத்து நிற்கும். சிலருக்கு அது பிறவியிலேயே இருப்பதில்லை. இல்லாததால் அவர்களுக்குக் குறையும் இல்லை. அந்த நாணை டாமி ஜானின் வலது கையிலிருந்து எடுத்து, இடது முழங்கையின் இரண்டு எலும்புகளிலும் துளையிட்டுக் கோத்து, போன தசைநாருக்கு மாற்றாகக் கட்டினார். மறுபடி எறிவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பின்னர் நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போகவே, மீண்டும் ஓர் அறுவை தேவைப்பட்டது. 1975 முழுவதும் ஓர் ஆட்டமும் இல்லை.

1976இல் திரும்பி வந்து 10 வெற்றி, 10 தோல்வி. அடுத்த ஆண்டு 20 வெற்றி. 1979இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போய் 21, அதற்கடுத்த ஆண்டு 22. ஆனால் ஆண்டின் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடர் மட்டும் அவருக்குக் கைகொடுக்கவே இல்லை. 1977லும் 1978லும் டாட்ஜர்ஸ் அணியில் இருந்து யாங்கீஸிடம் தோற்றார். 1981இல் யாங்கீஸ் அணியில் இருந்து டாட்ஜர்ஸிடம் தோற்றார். அந்தக் கடைசித் தோல்வியில், ஆறாவது ஆட்டம் 1-1 என்று சமநிலையில் இருந்தபோது, நான்காவது இன்னிங்ஸிலேயே அவருக்குப் பதிலாக வேறொருவரை மட்டை பிடிக்க அனுப்பி, அவரை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார் மேலாளர் பாப் லெமன். யாங்கீஸ் 9-2 என்று தோற்றது. அந்த முடிவை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

1989இல், 46ஆம் வயதில் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 288 வெற்றிகள். அவற்றுள் 164 அறுவைக்குப் பின் வந்தவை. 300 என்பது பிட்சர்களுக்கு மாபெரும் எல்லைக்கோடு. அதைத் தொட்டவர்களுக்கு, தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் புகழரங்கின் கதவு பெரும்பாலும் தானே திறந்துவிடும். முழங்கை பறித்துக்கொண்ட அந்த ஒன்றரைப் பருவம் இருந்திருந்தால் இன்னும் 12 வெற்றிகள் வாராமலா போயிருக்கும்? அவருடைய ஆட்டத்தைவிட அவருடைய காயமே பெரும்பெயர் பெற்றுவிட்டது என்பதுதான் என் மனக்குறை.

இனி உன் பேரனிடம் வருவோம். டாமி ஜான் சிகிச்சைக்குப் பிறகும் வேகத்தால் வென்றவர் அல்லர். அதே சிங்கரைத்தான் எறிந்தார். கிழிந்ததைச் சரிசெய்வதுதான் அந்தச் சிகிச்சை, இல்லாத வேகத்தை அது கொண்டுவந்து தராது. திரும்பி வந்தபின் வேகம் கூடியதாகச் சிலர் சொல்வது, ஓராண்டுக்கும் மேலாகத் தோளையும் காலையும் உரமேற்றியதன் பலனாகவே இருக்க வேண்டும். அந்த உழைப்புக்குக் கத்தி தேவையில்லை. அமெரிக்காவில் சிறுவர்களுக்காக வகுத்துள்ள நெறிமுறைப்படி, 13, 14 வயதினர் ஒரு நாளில் ஆட்டத்தில் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது எறிவதையே நிறுத்திவைக்க வேண்டும். அவன் பள்ளி அணிக்கும் வெளி அணிக்கும் சேர்த்து ஆடுகிறானா என்று மகனிடம் விசாரி. இரண்டு பயிற்சியாளர்களும் தனித்தனியாக எண்ணும்போதுதான் கணக்கு தவறுகிறது. வலி இருக்கும்வரை பந்தைத் தொடவே வேண்டாம், எலும்பு மருத்துவர் ஒருவர் பார்க்கட்டும். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு உடனே எழுது.

அன்புடன்,
ராமநாதன்