வெள்ளைக் கோடே இல்லாத கணுவை ஆல்போ என்று விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
மாடித்தோட்ட வாடிக்கையாளர்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழிச் செடி விற்பனைப் பிரிவு.

நாள்: 9.9.2024

பொருள்: 'மான்ஸ்டெரா ஆல்போ வேரிகேட்டட், ஒரு கணு கட்டிங்' என்று விற்கப்பட்டது சாதாரணப் பச்சை மான்ஸ்டெரா என்பதும், ரூ. 6,800 திருப்பித் தரக் கோருவதும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மார்ச் 11 அன்று உங்கள் தளத்தில் மேற்சொன்ன கட்டிங்கை, அதாவது பச்சையும் வெள்ளையும் கலந்த (வேரிகேட்டட்) இலை விடும் ஆல்போ மான்ஸ்டெரா கொடியின் வெட்டுத் துண்டை, வாங்கினேன். 16-ஆம் தேதி பெட்டி வந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு தண்டு, அதில் ஒரு கணு, ஒரு மொட்டு, பாதி காய்ந்த விழுது ஒன்று. இலை கிடையாது என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள். அதில் குறை இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்தேன். தண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் வெள்ளைக் கோடு இல்லை. அன்று மாலையே வீடியோவை இணைத்து உங்களுக்கு எழுதினேன்.

"தண்டில் வெள்ளை தெரியாமல் இருக்கலாம், இலை வரும்வரை பொறுங்கள்" என்று பதில் வந்தது. பொறுத்தேன். நனைத்த பாசியில் வைத்து, மூடி போட்ட டப்பாவில், படிக்கட்டு நிழலில் ஐந்து வாரம் பார்த்துக்கொண்டேன். வேர் பிடித்தது. மே கடைசியில் முதல் இலை விரிந்தது, முழுப் பச்சையாக. ஜூலையில் இரண்டாவது, ஆகஸ்டில் மூன்றாவது. மூன்றிலும் ஊசிமுனை அளவு வெள்ளை கிடையாது.

முதல் இலை வந்ததும் எழுதியபோது, "செடி உயிருள்ள பொருள், நிற மாறுபாடு இயற்கை" என்றீர்கள். மூன்றாவது இலைக்குப் பிறகு எழுதியபோது, செடியை நல்ல வெளிச்சத்தில் வைக்கும்படியும், புகார் தெரிவிக்க வேண்டிய ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்றும், அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றும் பதில் வந்தது. பெட்டி வந்த அன்றே எழுதியவளைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, பிறகு கெடு முடிந்தது என்பது நியாயமா என்று நீங்களே யோசியுங்கள். உங்கள் தரப்பில் தொலைபேசியில் பேசிய தங்கை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதியவருக்கு, நான் எதற்காக அந்தப் பணத்தைக் கொடுத்தேன் என்பது புரியவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

அழகுக்காகத்தான் விலை என்றால், என் ஜன்னலில் தொங்கும் மணி பிளாண்ட்டுக்குத்தான் ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் பச்சையில் மஞ்சள் வழிந்த இருநிற இலைதானே. பசிபிக் கடலின் மூரியா தீவில் பிறந்த செடி, இன்று நம் ஊரில் பழைய பாட்டில் தண்ணீரிலும் வேர் விடுகிறது. ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தால் பக்கத்து வீட்டிலும் அதே மஞ்சள் வரும். என் அம்மா வாசலில் வைத்திருந்த குரோட்டன்ஸில் சிவப்பும் மஞ்சளும் கரும்பச்சையும் ஒரே இலையில் இருக்கும். முருங்கைப் போத்து நடுவதுபோல ஒடித்து நட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். அந்தக் குரோட்டன்ஸ் எந்த மான்ஸ்டெராவுக்கும் அழகில் குறைந்ததில்லை என்பது இன்றும் என் எண்ணம். நர்சரியில் அது மலிவாகக் கிடைப்பதற்கு ஒரே காரணம், எவர் கையிலும் அது அப்படியே பெருகும் என்பதுதான்.

ஆல்போ அப்படிப் பெருகாது. தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை காடுகளில் மரமேறி வளரும் மான்ஸ்டெரா இயல்பில் முழுப் பச்சை. ஆல்போவின் வளரும் நுனியில் இரண்டு வகைச் செல்கள் ஒன்றாக இருக்கின்றன. ஒரு வகைக்குப் பச்சையம் தயாரிக்கும் திறன் இல்லை, மற்றதற்கு இருக்கிறது. இரண்டும் ஒரே தண்டில் அக்கம்பக்கமாக வளர்வதால்தான் ஓர் இலை பாதி பால்வெள்ளையும் பாதி பச்சையுமாக விரிகிறது. தண்டிலும் அதே கதைதான்: பச்சைப் பட்டை ஒரு பக்கம், வெள்ளைப் பட்டை ஒரு பக்கம். கணுவில் இருக்கும் மொட்டு எந்தப் பட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அந்தக் கட்டிங்கின் தலையெழுத்து. பச்சைப் பட்டையில் இருந்தால் பச்சைச் செடி. முழு வெள்ளையில் இருந்தால் வெள்ளை இலைகள் மட்டுமே வரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்க முடியாமல் கொஞ்ச நாளில் பட்டுப்போகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மொட்டு இருந்தால்தான் நாம் ஆசைப்படும் செடி கிடைக்கும்.

வளர்ப்பவர்கள் கட்டிங் வாங்கும்போது முதலில் கணுமொட்டின் மேலும் கீழும் ஓடும் கோட்டைப் பார்ப்பது இதனால்தான். அந்த ஒரு கோட்டுக்குத்தான் ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய். அது இல்லாத தண்டு, நம் நர்சரிகளில் சில நூறு ரூபாய்க்குத் தொட்டியோடு கிடைக்கும் அதே மான்ஸ்டெராதான்.

செடியின் சிறு துணுக்கை ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கும் திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் செய்துவிடலாமே என்று கேட்கலாம். எங்கள் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஜி-9 வாழையின் திசு வளர்ப்புக் கன்றுகளை இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ரகம், ஒரே சீர். ஆனால் வாழையில் எல்லாச் செல்லும் ஒரே வகை. ஆல்போவைச் சோதனைக் குழாயில் பிரித்து வளர்த்தால், கூட்டாக இருந்த இரண்டு வகைச் செல்களும் பிரிந்துபோக வாய்ப்பு அதிகம். பச்சையாகவோ வெள்ளையாகவோ தனித்தனிச் செடிகள் வந்துவிடும். விதை போட்டாலும் அந்தக் கூட்டு அப்படியே வராது. எனவே நல்ல தாய்ச்செடியிலிருந்து கணு கணுவாக வெட்டித்தான் பெருக்க வேண்டும். அந்தத் தாய்ச்செடியும் வெள்ளைப் பகுதிக்குச் சேர்த்துப் பச்சைப் பகுதியே உழைக்க வேண்டியிருப்பதால் மெதுவாகத்தான் வளரும். அழகுக்குக் காரணமானதே பெருக்கத்துக்கும் தடை.

இது இன்று நேற்று வந்த விஷயம் இல்லை. ஹாலந்தில் 1637 பிப்ரவரியில் சரிந்த டியூலிப் சந்தையில் தலைக்குமேல் விலை போனவை, வெள்ளை இதழில் சிவப்புத் தீற்றல் ஓடிய பூக்கள். அந்தத் தீற்றலுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 1928-இல் இங்கிலாந்தில் டோரதி கேலி என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். அதைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. வைரஸ் பிடித்த கிழங்கு பலவீனமாகிக் குட்டிக் கிழங்குகளைக் குறைவாகவே ஈனும். கோடு இருந்ததால் அழகு, அதே கோட்டின் காரணத்தால் அருமை. இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தக் குளிர்காலத்தில் கிழங்குகள் மண்ணுக்குள் இருக்கும்போதே கைமாறின. வாங்கியவர் பூவைப் பார்த்து வாங்கவில்லை. விற்றவர் வாய்ச்சொல்லை நம்பி வாங்கினார்.

2021 ஜூனில் நியூசிலாந்தின் இணைய ஏலமொன்றில், ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா என்ற கொடியின் ஒன்பது இலை கொண்ட வேரிகேட்டட் செடி ஒன்று 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. செய்தியைப் படித்த எல்லோரும் ஒன்பது இலைக்கா இவ்வளவு என்று வியந்தார்கள். எனக்கு நினைவில் நின்றது வேறு. இலைகளில் மட்டுமல்ல, தண்டிலும் வெள்ளை நன்றாக இருக்கிறது என்று விற்றவர் விளம்பரத்திலேயே சொல்லியிருந்தார். வாங்கியவர் பணம் கொடுத்தது, விரிந்துவிட்ட ஒன்பது இலைகளைவிட இனி விரியப்போகும் இலைகளுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் விற்பனைப் பக்கத்துக்கு வருகிறேன். அதில் ஐந்து படங்கள். ஐந்தும் தாய்ச்செடியின் இலைகள். நான் வாங்கப்போகும் கணுவின் படம் ஒன்றுகூட இல்லை. "தாய்ச்செடி அதிக வெள்ளை கொண்டது" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எவ்வளவு நல்ல தாய்ச்செடியிலும் பச்சை மட்டுமே ஓடும் கணுக்கள் உண்டு. அந்தக் கணுவை வெட்டியவருக்கு அது கத்தி வைக்கும்போதே தெரிந்திருக்கும். தெரிந்தும் அதை ஆல்போ என்று பெட்டியில் வைத்தது மாறுபாடு ஆகாது, தவறான விற்பனை.

"நிறம் திரும்பிவிட்டது" என்று உங்கள் பதிலில் ஒரு சொல் இருந்தது. நிறம் திரும்புவது உண்டு, மறுக்கவில்லை. வெள்ளையோடு வந்துகொண்டிருந்த செடி ஒரு கட்டத்தில் பச்சையாகவே இலை விடத் தொடங்கும். அப்போது வெள்ளைக் கோடு இருக்கும் கணுவரை வெட்டி இறக்கினால் மறுபடி வெள்ளை வர வாய்ப்புண்டு. என்னிடம் இருப்பது ஒரே கணு. அதிலும் கோடு இல்லை. இல்லாத இடத்திலிருந்து எது திரும்பும்? வெளிச்சமும் அப்படித்தான். இருக்கும் வெள்ளைச் செல்லைக் காப்பாற்ற நல்ல வெளிச்சம் உதவலாம், ஆனால் பச்சைச் செல்லை அது வெள்ளையாக்காது.

இதை எழுதும்போது இரண்டு வருடத்துக்கு முன் உங்களிடமே ரூ. 1,200-க்கு வாங்கிய பிங்க் காங்கோ ஃபிலோடெண்ட்ரான் என்ற இளஞ்சிவப்பு இலைச் செடியும் நினைவுக்கு வருகிறது. எட்டு மாதத்தில் புது இலை எல்லாம் பச்சையாகிவிட்டது. அந்த இளஞ்சிவப்பு, வளர்ப்பிடத்தில் கொடுக்கும் ரசாயனத்தால் சில மாதம் மட்டும் நிற்பது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிங்க் பிரின்சஸ் என்ற இன்னொரு ஃபிலோடெண்ட்ரானின் நிறம் அதன் செல்லிலேயே இருக்கிறது, கட்டிங் வழியாகவும் போகும். பிங்க் காங்கோவில் அது கிடையாது. பக்கத்துப் பக்கத்துப் பெயர், பார்த்தால் ஒரே நிறம், விலைக்குள் இருப்பது மட்டும் வேறு. நீங்கள் அதை ஒரு வரியில்கூட எழுதவில்லை. அப்போது நான் புகார் செய்யவில்லை, செய்திருக்க வேண்டும்.

விலை இறங்கியதற்காக நான் புகார் செய்யவில்லை என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். தாய் கான்ஸ்டலேஷன் என்ற இன்னொரு வேரிகேட்டட் மான்ஸ்டெரா, இலையெங்கும் வெண்ணெய் நிறப் பொட்டுகள் தெளித்தாற்போல இருக்கும். அது திசு வளர்ப்பிலேயே நிறம் மாறாமல் பெருகுவதால் ஆய்வகங்கள் ஏராளமாகச் செய்து இறக்கின, விலையும் விழுந்தது. நல்லதுதான், நிறையப் பேர் வீட்டில் வளரட்டும். ஆல்போவும் சில வருடத்துக்கு முன் இருந்த விலையில் இப்போது இல்லை. நாளை ஐந்நூறு ரூபாய்க்கு வந்தாலும் எனக்கு நஷ்டமில்லை. என் அக்கா மகளுக்கும், இதே தெருவில் செடி வளர்க்கும் இருவருக்கும் அடுத்த வருடம் ஆளுக்கொரு கணு வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தை அதற்காகத்தான் செலவழித்தேன். இப்போது அவர்களுக்கு வெட்டிக் கொடுக்க என்னிடம் ஆல்போ இல்லை.

எனவே நான் கேட்பது: ரூ. 6,800-ஐயும் கூரியர் கட்டணத்தையும் நான் பணம் செலுத்திய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். தள்ளுபடிக் கூப்பனோ கடன் சீட்டோ வேண்டாம். மாற்றுக் கட்டிங் தருவதானால், அனுப்புவதற்கு முன் அந்தக் கணுவை நான்கு பக்கமும் படமெடுத்து எனக்குக் காட்டி, நான் சம்மதித்த பிறகு அனுப்புங்கள். அதோடு, இலையில்லாத கட்டிங் விற்கும் எல்லாப் பக்கங்களிலும் விற்கப்படும் அதே கணுவின் படத்தைப் போடுங்கள். பிங்க் காங்கோவின் நிறம் நிலைக்காது என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையால் எனக்கு ஒரு ரூபாயும் வராது. ஆனாலும் அதை நான் விடப்போவதில்லை.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. இந்தக் கடிதம் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அப்படி நடக்காவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், அதன்பின் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதும் தெரியும். அந்த அளவுக்குப் போகாமல் நீங்களே தீர்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பில் நகல், மார்ச் 16 அன்று எடுத்த வீடியோ, அன்று நான் எழுதிய மின்னஞ்சலும் உங்கள் பதிலும், மூன்று இலைகளின் தேதியிட்ட படங்கள், தண்டை நான்கு பக்கமும் கிட்டத்தில் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். செடியைத் திருப்பிக் கேட்டால் வேரில் பாசி சுற்றிப் பத்திரமாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள வாடிக்கையாளர்,
ஸ்ரீரங்கம்.