மூலை நாற்காலி செய்து தந்த அண்ணாச்சிக்கு

ஊராருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

வயதுக்கேற்ற வளர்ச்சி வராமல் இருந்த என் மகன், போன வியாழக்கிழமை மதியம் யாரும் பிடிக்காமல் உட்கார்ந்து, முன்னால் இருந்த பொரியை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இந்த ஒன்றரை வருடம் நாங்கள் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத மனமில்லை. அந்தப் பொரியைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் மரவேலை அண்ணாச்சிக்கு.

தென்காசி அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி கொடுக்கும் தங்கச்சி, "மூலை நாற்காலி ஒண்ணு இருந்தா நல்லதுக்கா" என்று தாளில் படம் வரைந்து கொடுத்தார். வீட்டுச் சுவர் மூலை மாதிரி இரண்டு பலகை சேரும் இடத்தில் பிள்ளையின் முதுகு பதியும். பின்னால் இழுத்துக்கொள்ளும் தோள்கள் முன்னுக்கு வரும், இரண்டு கையும் நடுவில் சேரும். அந்தத் தாளோடு பட்டறைக்குப் போய், எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்டேன். அண்ணாச்சி விலை சொல்லவில்லை. "பிள்ளையக் கூட்டிட்டு வாம்மா, அளவு எடுக்கணும்லா" என்றார்.

நூலை வைத்து அளந்தார். இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, அப்புறம் மடிப்பிலிருந்து பாதம் வரை. கால்கள் பின்னிக்கொள்ளாமல் இருக்கத் தொடைகளுக்கு நடுவே ஒரு கட்டை வேண்டும். அதை உருட்டிச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தன் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடி தேய்த்தார், மறுபடி கன்னத்தில் வைத்தார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தபோது வராத அழுகை அந்தப் பட்டறை வாசலில் வந்தது. காசை நீட்டினால், "பழைய கதவுப் பலகைதானம்மா, சும்மாதான கெடந்துச்சு" என்று கையை மடக்கிவிட்டார்.

பிள்ளையின் வளர்ச்சியைக் குறித்து வைக்கும் தாய் சேய் நல அட்டையைப் புரட்டி, "தலை இன்னும் நிக்கலையே" என்று முதலில் கவனித்த அங்கன்வாடி டீச்சர், வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும் பரிசோதனைக் குழுவினர், வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்கு ஒரு பைசா வாங்காமல் பயிற்சி தரும் இடையீட்டுச் சேவை மையத்தார், மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்திலிருந்து வீடு தேடி வந்து என் அத்தைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்கள், நான் பிள்ளையோடு ஓடிவருவதைப் பார்த்து விசில் ஊதாமல் காத்திருந்த கண்டக்டர் அண்ணன், எல்லோருக்கும் கும்பிடு.

"ஆம்பளப் பிள்ளை, மூணு வயசு வரைக்கும் பொறு" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். படித்தவர்களும் சொன்னார்கள். யார் மேலும் வருத்தமில்லை. ஆனால் மூளை மிக வேகமாக வளர்வதே அந்த மூன்று வருடத்தில்தான். அதை எனக்கு யாராவது நாலு மாதம் முன்னால் சொல்லியிருக்கலாம். அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். நம் தெருவில் கைக்குழந்தை உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். சந்தேகம் என்றால் தென்காசிக்கு நானே கூட வருவேன். தப்பாக நினைக்காதீர்கள்.

பையனுக்குக் கால் இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது. நாற்காலியில் பாதம் வைக்கும் மிதிபலகையை இறக்கி வைக்க ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வருகிறார். சாப்பிடாமல் அனுப்பப் போவதில்லை.