தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் காப்பக அதிகாரிகளுக்கும், வணக்கம்.

காவல் நிலையங்களில் பதிவான குற்றங்களை மாநில வாரியாகத் தொகுத்து நீங்கள் போடும் ஆண்டறிக்கை வெளிவரும்போதெல்லாம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நடக்கும், எந்த மாநிலம் மோசம், எந்த மாநிலம் தேவலை என்று. கடைசியாக வந்தபோது சித்தப்பா வன்முறைக் குற்ற அட்டவணையைப் படம் எடுத்துப் போட்டு, "நம்ம ஊர் எவ்வளவோ பரவாயில்லை பாருங்க" என்று எழுதினார். எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். அம்மா மட்டும் ஒன்றும் போடவில்லை. அவருக்கு நடந்தது அந்த அட்டவணையில் இல்லை என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

காலையில் பால் வாங்கிவிட்டுத் திரும்பும்போது பைக்கில் வந்த இருவர் அவரைத் தள்ளிவிட்டுத் தாலிச் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு, முழங்கையில் சிராய்ப்பு. அந்தக் கோலத்திலேயே காவல் நிலையத்துக்குப் போனோம். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ரைட்டர் சொன்னார்: "எஃப்.ஐ.ஆர். போட்டா கோர்ட்டுக்கு அலையணும்மா. இப்போதைக்கு சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன்." சி.எஸ்.ஆர். என்றால் புகார் வந்ததற்கான ரசீது மட்டும்தான், வழக்கு இல்லை. தந்த ரசீதில் 'நகை தொலைந்தது' என்று இருந்தது. "நான் தொலைக்கலையே தம்பி, பறிச்சுட்டுல்ல போனாங்க" என்று அம்மா இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று மாலை ஒரு மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டார், இன்றும் அதுதான்.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லியாயிற்று. அந்தத் தீர்ப்பு நாங்கள் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த பெஞ்சு வரைக்கும் வந்து சேரவில்லை. ஆனால் எங்கள் வழிப்பறி உங்கள் கணக்கில் சேராததால் எங்கள் மாநிலத்தின் குற்ற விகிதம் ஒரு துளி குறைந்தது. இப்படி எத்தனை துளிகள் என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது, ஏனென்றால் நீங்கள் காவல் நிலையம் அனுப்புவதைத்தான் எண்ணுகிறீர்கள். பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று உங்கள் அறிக்கையே எச்சரிக்கிறது, அந்த நேர்மையை மதிக்கிறேன். அதைப் படிப்பவர் யார்? அட்டவணைதான் எல்லார் கைக்கும் போகிறது.

அதனால்தான் கேட்கிறேன்: எங்களிடமும் கேளுங்கள். வீடு வீடாக, மாநிலம் மாநிலமாக, 'கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது, புகார் கொடுத்தீர்களா, பதிவு செய்தார்களா' என்று கேட்டு, அந்த எண்ணிக்கையை உங்கள் அட்டவணைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

கேட்டால் என்ன தெரியவரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சுகாதார அமைச்சகத்தின் தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) மணமான பெண்களிடம் நேரில் கேட்டது. கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்ததாகத் தமிழ்நாட்டில் சுமார் 38 சதவீதம் பேர் சொன்னார்கள், கேரளத்தில் சுமார் 10 சதவீதம். இனி உங்கள் அறிக்கையில் 'கணவர், அவர் உறவினர்களின் கொடுமை' என்ற தலைப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பாதி மக்கள்தொகைகூட இல்லாத கேரளத்தில் பதிவான வழக்குகள் தமிழ்நாட்டைவிடப் பல மடங்கு. அட்டவணையை மட்டும் பார்ப்பவர் எந்த மாநிலத்தில் பெண் கொடுக்கப் பயப்படுவார்? அப்படியே தலைகீழாக இருக்கிறது ஐயா. புகாரை வாங்கிப் பதிகிற மாநிலத்துக்குக் கெட்ட பெயர், திருப்பி அனுப்புகிற மாநிலத்துக்கு நல்ல பெயர்.

கடத்தலும் அப்படித்தான். 2022ல் நாடு முழுக்க 1,07,588 கடத்தல் வழக்குகள், எல்லாமே வன்முறைக் குற்றக் கணக்கில். காணாமல் போன குழந்தை என்றால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013ல் சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் மாநிலத்தின் எண் ஏறத்தான் செய்யும். காதலித்தவனோடு போன பெண்ணைத் தேடி அப்பா கொடுத்த புகாரும் அதே பெட்டியில்தான் விழுகிறது. அப்புறம் ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் பெரிய தண்டனைக்குரிய ஒன்றை மட்டும் எண்ணும் உங்கள் விதியால் மற்றவை கணக்கில் வராமலே போகின்றன.

கொலையை மட்டும் ஓரளவு நம்பலாம், பிணத்தை 'தொலைந்தது' என்று எழுதுவது கஷ்டம். அதிலும் எண்ணிக்கையை வைத்துத்தான் அடித்துக்கொள்கிறார்கள். 2022ல் நாட்டில் பதிவான 28,522 கொலை வழக்குகளில் அதிகம் உத்தரப் பிரதேசத்தில், 3,491. ஆனால் லட்சம் பேருக்கு என்று பார்த்தால் அங்கே சுமார் 1.5, நாட்டின் சராசரி 2.1, ஜார்க்கண்டில் 4. இந்த விகிதங்களும் 2011 கணக்கெடுப்பிலிருந்து கணித்த மக்கள்தொகையை வைத்துப் போட்டவைதான். 2021ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே வந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை, தெரியும். ஆனாலும் ஆற்றாமையில் யாரிடமாவது சொல்லத் தோன்றுகிறது, இந்த நாட்டில் எதையுமே எங்களைக் கேட்டு எண்ணுவதில்லை என்று.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். அமெரிக்காவில் 1970களிலிருந்து, இங்கிலாந்து, வேல்ஸில் 1982லிருந்து, பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்கும் ஆய்வு நடக்கிறது. உங்கள் வேலை தொகுப்பது மட்டும்தான் என்றால், உள்துறை அமைச்சகத்துக்குப் பரிந்துரையுங்கள், தேசியப் புள்ளியியல் அலுவலகத்தோடு சேர்ந்து செய்யுங்கள். எல்லாக் குற்றத்தையும் இல்லாவிட்டாலும் வழிப்பறி, அடிதடி, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை என்று இவற்றிலிருந்தாவது தொடங்குங்கள். தயவுசெய்து எங்களிடமும் கேளுங்கள்.

யாராவது வந்து கேட்டால் சொல்வதற்கு அம்மா தயாராக இருக்கிறார். தேதி, நேரம், அந்த பைக்கின் நிறம் எல்லாம் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்படிக்கு,
பதிவாகாத ஒரு புகாரின் மகன்