ஒட்டுப்பால் பந்துக்கு ஒரு நன்றி

குலசேகரம் பக்கத்துல உள்ள எல்லாருக்கும் உங்க தையல்கடை அக்கா எழுதுறேன். வலது கையாலதான் டைப் பண்றேன், இதுக்கு பெருவிரல் ஒன்னு போதும்லா. இந்த கைலதான் விரல மடக்குற டெண்டன், அதான் தசையையும் எலும்பையும் சேக்குற நாண், அறுந்து தையல் போட்டது. எப்படி நடந்துச்சுன்னு உங்களுக்கு தெரியும், திரும்ப சொன்னா எனக்கு வெப்ராளம் வந்துரும், அத விடுங்க. நேத்து டாக்டர் கைய திருப்பி திருப்பி பாத்துட்டு இனி கடைய தொறக்கலாம்னு சொல்லிட்டாரு, பஸ்ஸுல ஏறி உக்காந்த பெறவுதான் அழுகையே வந்துச்சு.

ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு ஓடுன ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகள், ஆபரேஷன் பண்ணுன டாக்டருங்க, வார்டு சிஸ்டருங்க, தவணைய தள்ளி வச்ச நம்ம குழு, தலை சீவி விட்ட மைனி, துணிய திருப்பிக் கேக்காம இருந்த அத்தன பேருக்கும் கையெடுத்து கும்பிடுறேன். இப்ப கையெடுக்கவும் முடியுது.

ஆனா இத எழுத உக்காந்ததே எதுத்த வீட்டு மாமாவுக்காகத்தான், ரப்பர் மரத்துல பால்வெட்டுக்கு போவாரே அவரு.

பிசியோதெரபி பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும், விரலுக்குள்ள தசையே கிடையாதாம். மடக்குற பெரிய தசையெல்லாம் முழங்கைக்கு கீழ இருக்கு, அங்க இருந்து டெண்டன் இழுத்தாதான் விரல் மடங்கும். இடது கையால வலது முழங்கைக்கு கீழ பிடிச்சுட்டு விரல மடக்கி பாருங்க, உள்ள உருளுறது தெரியும். பாவாடை நாடா மாதிரின்னு நான் சொன்னேன், அந்த பொண்ணு சிரிச்சுட்டு கரெக்ட்டுன்னுச்சு. உறைக்குள்ள நாடா வழுக்கி ஓடணும், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டா எவ்வளவு இழுத்தும் வராது. தைச்ச டெண்டன அசைக்காமலே வச்சா சுத்தி ஒட்டிக்கிடும், அவசரப்பட்டு பலமா இழுத்தா போட்ட தையல் பிரிஞ்சுரும். நம்ம தொழில்ல பிரிஞ்சா திரும்ப ஓட்டலாம், இங்க அப்படியா? அதனால மொதல்ல சும்மா அசைக்கிறது, தையல் உறுதியான பெறவுதான் எதையாவது அமுக்கி பழகுறது.

அந்த சமயம் பாத்து மழை, பால்வெட்டு இல்ல. மாமா வந்து “மக்களே, வெட்டுத்துணி கிடக்கா”ன்னு கேட்டாரு. பால் பிடிக்கிற சிரட்டைய துடைக்க இருக்கும்னு நெனச்சு ஒரு பை நிறைய எடுத்துக்க சொன்னேன். மழை விட்டு வேலை தொடங்குன பெறவு ஒரு நாள் கருக்கல்ல திண்ணைல ஒரு பந்த வச்சுட்டு போயிருக்காரு. வெட்டுன பட்டைல பால் காய்ஞ்சு நாடாவா ஒட்டிக் கிடக்கும்லா, அந்த ஒட்டுப்பால உரிச்சு, என் கடை துணிய உள்ள வச்சு சுத்தி சுத்தி செஞ்ச பந்து. நாமெல்லாம் சின்னதுல அடிச்சு விளையாண்டதுதான், ஆனா இதுல துணி இருக்கதால அமுக்குனா அமுங்கும், விட்டா எழும்பும். நாத்தத்த மட்டும் கேக்காதீங்க. பிசியோ பொண்ணு ஒரு கையால மூக்க பொத்திட்டு மறு கையால அமுக்கி பாத்துச்சு, “நல்லா இருக்குக்கா, நான் சொல்றப்போ தொடங்குங்க”ன்னு சொல்லிச்சு. கடைல வாங்குன ஸ்பாஞ்சு பந்து அப்படியே மூலைல கிடக்கு.

பெறவு பிடி கொஞ்சம் கூடுனதும் மாமாவே “பந்து லேசாயிட்டா மக்களே”ன்னு கேட்டுட்டு துணிய குறைச்சு இறுக்கமா இன்னொன்னு சுத்தி தந்தாரு. காசு பேச்சு எடுத்தேன், “கை இல்லாம நம்ம பொழப்பு ஓடுமா”ன்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டாரு.

பாருங்க, அவரு கைய யாரும் பாக்கல. ராத்திரி பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து போயி எழும்பி உக்காந்து கைய உதறுறாராம், மாமி சொல்லித்தான் தெரியும். மணிக்கட்டுல எலும்புக்கும் மேல உள்ள பட்டைக்கும் நடுவுல ஒரு சின்ன பாதை, அதுக்குள்ள 9 டெண்டனும் ஒரு நரம்பும் நெருக்கியடிச்சு போகுது, அந்த நரம்பு அமுங்குனா இந்த விரல்தான் மரக்கும், சுண்டுவிரலுக்கு வேற நரம்பு. மரம் மரமா மணிக்கட்ட திருப்பி கத்தி பிடிக்கிற மனுசன், அதுவாத்தான் இருக்கும்னு நெனைக்கேன், டாக்டர் பாத்து சொல்லட்டும். கேட்டா மழை வரட்டும் பாப்போம்ங்காரு. அடுத்த மழைக்கு அவர ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகாம விட மாட்டேன், மாமியும் என் கட்சிதான்.

திங்கக்கிழமை கடை தொறப்பேன். ஊசிய பிடிக்கிற பிடி இன்னும் முழுசா வரல, அதனால ஹூக்கு கட்டுறதெல்லாம் கொஞ்ச நாளைக்கு அண்ணன் மக பாத்துக்கிடுவா. ஓணத்துக்கு தைக்க தந்த ப்ளவுஸ் துணி பத்திரமா இருக்கு, ஒருதடவ வந்து அளவு குடுத்துட்டு போங்க, ஓண விருந்து சத்யை சாப்பிட்ட பெறவு பழைய அளவு யாருக்கும் நிக்காது.