வரிசைக்கு வர முடியாதவர்களின் தண்ணீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகரத்தில் குடிநீர் திடீரென்று நின்றுபோனால் இருப்பதை எப்படிப் பங்கிடுவது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். தேவையான கட்டுரை. ஆனால், 'முதலில் வருபவருக்கு முதலில்' என்பதே சண்டை சச்சரவு இல்லாத வழி என்று முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக் குழாயில் கழிவுநீர் கலந்துவிட்டது. எட்டு நாள் லாரித் தண்ணீர்தான். வரிசை ஒழுங்காகவே நின்றது. யாரும் யாரையும் தள்ளவில்லை. ஐந்தாம் நாள்தான் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பாட்டியின் நினைவு வந்து கதவைத் தட்டினேன். பேசும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது அவருக்கு. முதல் நாள் யாரோ ஒரு பையன் கொண்டுவந்து வைத்த ஒரு குடத்தை ஐந்து நாளாக அளந்து குடித்திருக்கிறார். "அவங்கவங்க பாடே பெரும்பாடா இருக்கு, உன்னைப் போய் எப்படிம்மா கேக்கிறது?" என்றார். இரண்டு மாடி கீழேதான் நான் இருக்கிறேன். அந்த ஐந்து நாளும் வரிசையில் நின்று என் வீட்டுக்கு நிரப்பிக்கொண்டுதான் இருந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

வரிசையில் நிற்பவர்களுக்குள் சமத்துவம் இருக்கலாம். நிற்கவே முடியாதவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. பாட்டி மட்டுமல்ல, பிரசவமாகிச் சில நாளே ஆன தாய், சக்கர நாற்காலியில் இருப்பவர், படுக்கையில் கிடப்பவரை விட்டு நகர முடியாதவர், ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பெரியாத வீட்டுக்காரர் எல்லாரும் அப்படித்தான் விடுபடுகிறார்கள்.

தண்ணீருக்கு எடை உண்டு என்பதைத் திட்டம் போடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். பேரிடர் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, குடிக்க, சமைக்க, சுத்தத்துக்கு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 60 லிட்டர், அதாவது 60 கிலோ. அதை யார் தூக்குவது? அதே கையேடு ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது, 500 மீட்டருக்கு மேல் நடக்கவிடக் கூடாது, 30 நிமிடத்துக்கு மேல் காக்கவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. லிட்டர் கணக்கை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த மூன்றையும் யாரும் பேசுவதில்லை.

2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் குழாய்களை மூடும் நிலைக்கு வந்தது. 'டே ஸீரோ' என்று அந்த நாளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்த நாள் வந்தால் ஆளுக்கு 25 லிட்டர் வீதம் ஏறத்தாழ 200 மையங்களில் கொடுப்பதாகத் திட்டம். நகரின் மக்கள்தொகையோ சுமார் 40 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு மையத்துக்கு 20,000 பேர்! நல்லவேளையாக அந்த நாள் வரவில்லை. பிப்ரவரியில் ஆளுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள், மக்களும் சுருக்கிக்கொண்டார்கள், பிறகு மழையும் பெய்தது. அதற்கிடையில் கிரோன்லாண்ட் பகுதி விவசாயிகள் தங்கள் அணைகளில் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து சுமார் 1,000 கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். பங்கீடு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். தேவைப்பட்டவர்கள் அவர்கள் வாசலில் போய் நிற்கவில்லை. தண்ணீர் இருந்த இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குத் தானாக வந்தது.

பங்கு தலைக்கு இருக்க வேண்டும், வீட்டுக்கோ இணைப்புக்கோ அல்ல. வீட்டுக்கு இவ்வளவு என்றால் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் மிஞ்சும், எட்டுப் பேர் நெருக்கியடித்துக் கிடக்கும் அறையில் தொண்டை காயும். முகவரிச் சான்று கேட்கவும் கூடாது. நடைபாதையில் தூங்குபவருக்கும் நேற்று வேலை தேடி வந்து இறங்கியவருக்கும் தாகம் ஒன்றுதான்.

லாரியிலிருந்து முதல் குடம் வரிசையின் தலைக்குப் போவதற்கு முன் வர முடியாதவர்களின் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குத் தெருவுக்கு ஒரு பட்டியல் போதும். மருத்துவமனைகளுக்குத் தனி வழி வேண்டும். ஒருமுறை டயாலிசிஸ் செய்யவே 100 லிட்டருக்கு மேல் தூய நீர் செலவாகிறது. பால்மாவு குடிக்கும் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கில் கிடப்பவருக்கும் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லவே முடியாது.

வீட்டுக்குள் நடக்கும் பங்கீட்டையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வளாகத்தில் தண்ணீர் வசதி இல்லாத குடும்பங்களில் பத்துக்கு ஏழில் பெண்களே தண்ணீர் சுமக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2023இல் கூறின. சுமந்து வருபவளே கடைசியாகக் குடிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பால் கொடுக்கும் தாய்க்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும் என்பது வீட்டில் இருக்கும் ஆண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நல்ல தண்ணீரை எதற்குச் செலவிடுவது என்பதும் பங்கீடுதான். குடிக்க, சமைக்க, பல் துலக்க, பச்சையாகத் தின்னும் காய்கனிகளைக் கழுவ அது வேண்டும். கழிப்பறைக்கு வேண்டியதில்லை. ஒருமுறை ஃபிளஷ் செய்தால் ஆறேழு லிட்டர் போய்விடும். ஒருவர் இரண்டு நாள் குடிக்கும் அளவு அது. துணி அலசிய தண்ணீரே அதற்குப் போதும்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் ஓர் ஆபத்து இருக்கிறது. கிருமிதான் பிரச்சினை என்றால், தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும் (உயரமான மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம்). ஆனால் 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரக் குடிநீரில் ஏரிப் பாசியின் நச்சு கலந்தபோது, கொதிக்க வைக்காதீர்கள் என்றுதான் அறிவித்தார்கள். நீர் ஆவியாகக் குறையும்போது நச்சு செறிந்துவிடும். ஈயம் கலந்தாலும் அதே கதைதான். ஆகவே, 'தண்ணீர் பாதுகாப்பற்றது' என்று மட்டும் அறிவிக்கும் அரசு பாதி வேலையைத்தான் செய்கிறது. என்ன கலந்திருக்கிறது, கொதிக்க வைக்கலாமா கூடாதா என்பதை முதல் அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் கடைசி மூன்று நாள் இப்படித்தான் செய்தோம். பள்ளிக்கூட நோட்டில் பதினோரு வீடுகளை எழுதினோம். லாரி வந்ததும் முதல் கால் மணி நேரம் அந்தப் பதினோரு வீடுகளுக்கு. மூடி போட்ட, வாய் குறுகிய கேன்களில் மட்டும் கொடுத்தோம்; அகன்ற பாத்திரத்தில் கையும் சொம்பும் முங்கிமுங்கி நல்ல தண்ணீரும் கெட்டுப்போகிறது. வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பட்டியலை வாசித்துக் காட்டியதும் அவர்களில் ஒருவரே இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

தாங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு படிவத்தை அடுத்த இதழில் அச்சிடுங்கள். கதவு எண், வீட்டில் எத்தனை தலை, வர முடியாதவர் யார், கைக்குழந்தை உண்டா, யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஐந்து கட்டம் போதும். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே அதை நிரப்பிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி