தம்பிக்கு, சந்தி வளவு விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

நானும் மாமியும் சுகம். உன் சுகமும் பிள்ளைகளின் சுகமும் மருமகள் சொல்லித்தான் தெரிகிறது. நீ போன் எடுத்து ஐந்து கிழமையாகிறது. காசு மட்டும் மாதம் பிறந்தால் தவறாமல் வருகிறது. "மகன் நல்ல கவனம் அம்மா" என்று பாங்கில் இருக்கிற பிள்ளை சொன்னாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குரல் பதிவு போட்டால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் அதை ஓட்டிவிட்டுத்தான் கேட்பாய். அதனால் எழுதுகிறேன். மாமியின் பேரன் படம் எடுத்து அனுப்புவான். முழுவதையும் படி. பிரஷர் குளிசையை விடாதே. உன் அப்பாவும் தலையிடி இல்லை, தலையிடி இல்லை என்றுதான் விட்டார்.

கறுத்தக்கொழும்பான் இந்த வருஷம் காய்க்கவில்லை. கிணற்றுக்கட்டை மேசன் வந்து பூசிவிட்டுப் போனான். அவ்வளவுதான் இங்கத்தைய புதினம்.

சந்தி வளவைச் சிலைக்கு எழுதிக்கொடுக்க நீ அனுப்பிய தர்மசாதன உறுதியின் பிரதி இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. கண் ஆபரேஷன், எழுத்துத் தெரியவில்லை என்று சொன்னேன். கண் சுகமாகி இரண்டு மாதம். நீ அதற்காகக் கதைக்காமல் இருக்கிறாயா, அல்லது 2024 தேர்தலில் நான் திசைகாட்டிக்கு, தேசிய மக்கள் சக்திக்கு, வோட்டுப் போட்டதை மாமி உளறியதற்காகவா என்று எனக்குத் தெரியாது. வோட்டுக்காக என்றால் கேள். 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தில் பிக்குவும் பாதிரியாரும் மௌலவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன். மே 18க்கு அந்த இடத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததையும் பார்த்தேன். ஏதோ மாறுகிறது என்று இந்தக் கிழவி நம்பிவிட்டாள். நான் மட்டும் இல்லையே, யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று ஆசனம் அவர்களுக்குப் போனது. புதிய அரசியலமைப்புத் தருகிறோம் என்று சொன்னவர்களுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உங்கள் சங்கத்தின் அறிக்கையை மாமியின் பேரன் வாசித்துக் காட்டினான். நல்ல எழுத்து, ராசா. நாலாம் வகுப்பில் கட்டுரைக்கு நான் அடித்தது வீண் போகவில்லை. சுதந்திர காலத்துச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு மதத்தாருக்கு இல்லாத தடையை இன்னொரு மதத்தாருக்குப் போடுகிற சட்டம் செல்லாது என்றது. 1972இல் அந்தக் காப்பு போய், பௌத்தத்துக்கு முதலிடம் என்ற வாசகம் வந்தது. 1978இல் அது 9ஆம் உறுப்புரையாக இருந்துவிட்டது. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். ஒன்றை மட்டும் சேர்த்திருக்கலாம். அந்த 29 இருக்கும்போதுதான் 1948இல் மலையகச் சனத்தின் குடியுரிமை போனது. தாளில் இருக்கிற காப்பு அவ்வளவுதான் காக்கும். 2017இல் புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை வந்தபோதும், சிங்களத்தில் 'ஏக்கிய இராச்சிய' என்பதும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்பதும் ஒன்றா வேறா என்ற சண்டையில் வருஷம் போனது. பிறகு ஈஸ்டர் குண்டு வெடித்தது. அதன் பிறகு அரசியலமைப்பைப் பற்றி யார் கேட்டார்கள்?

1972ஐப் பற்றி நீ வாசித்து எழுதினாய். நான் பார்த்தவள். தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் ஐயா அந்த அரசியலமைப்பை எதிர்த்துக் காங்கேசன்துறை ஆசனத்தை விட்டு விலகி, முடிந்தால் என்னைத் தோற்கடித்துக் காட்டுங்கள் என்று நின்றார். அரசாங்கம் இடைத்தேர்தலை 1975 வரை இழுத்தது. எதிரே நின்றவர் வி. பொன்னம்பலம். அதுதான் என் முதல் வோட்டு. மாவிட்டபுரம் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு, அப்படியே வந்து ஒரு வேதக்காரருக்கு, கிறிஸ்தவரான செல்வநாயகம் ஐயாவுக்கு, போட்டோம். எங்கள் அம்மாவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. இதைச் சங்கத்தில் சொல்லு. இப்போது இங்கே சைவம், வேதம் என்று பிரித்துக் கதைக்கிற ஆட்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும். 2019இல் சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீச்சரத்து வளைவைப் பிடுங்கி எறிந்தது சிங்களவர் இல்லை, தம்பி. இரண்டு பக்கமும் தமிழ்தான் கதைத்தார்கள்.

அதே மாவிட்டபுரத்தில் 1968 திருவிழாவையும் பார்த்தேன். எனக்குப் பதினைந்து வயது. கணிதப் பேராசிரியராகவும் மந்திரியாகவும் இருந்த சுந்தரலிங்கம் வாசலில் நின்று, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கிய சனம் உள்ளே வரக்கூடாது என்றார். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது பதினொரு வருஷம். உன் தாத்தா அன்று எந்தப் பக்கம் நின்றார் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் அவர் கடைசிவரை அந்த வீதியால் போகவில்லை. 1990இல் என் தாய்வீட்டார் அந்த ஊரை விட்டு ஓடினார்கள், ஆமி பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டது. காணியைத் திரும்ப விட்டபோது வீடு இல்லை, கோயில் மட்டும் நின்றது.

போன போயாவுக்குத் தையிட்டிக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. இந்த வயதில் வெயிலில் இருக்கிறாயா என்று கத்துவாய். சனத்தின் காணியில் கட்டிய விகாரையின் மதிலுக்கு எதிரே சனம் இருந்தது. நடுவில் பொலிஸ். காணிக்காரி ஒருத்தி தன் உறுதியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நெஞ்சில் பிடித்துக்கொண்டிருந்தாள். மழைக்கும் நனையாது, வியர்வைக்கும் நனையாது. எனக்கும் ஒரு மட்டையைத் தந்தார்கள், அடுத்தவன் காணியில் வணக்கஸ்தலமா என்று எழுதி. பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. வெயில் என்று மாமியிடம் சொல்லிவிட்டு நிழலுக்குப் போய் இருந்தேன்.

வெயில் இல்லை.

இப்போது சொல்கிறேன். சந்தி வளவில் 18 அடியில் சிவபெருமான் சிலை வைக்க வேண்டும், அவர்கள் ஒரு அரச மரத்தைக் கண்டு விகாரை கட்டுவதற்கு முன் நாங்கள் எங்கள் அடையாளத்தை ஊன்ற வேண்டும் என்று நீ சொல்கிறாய். சிவபெருமானுக்கு என் கையால் காணி கொடுக்க எனக்கு மனமில்லை என்று நினைக்காதே. ஆனால் அந்த வளவுக்குப் பின்னால் இப்போது நாலு வீட்டில் விளக்கு எரிகிறது. புத்தளத்திலிருந்து திரும்பி வந்த சனம். பள்ளிவாசலுக்குப் போகிற ஒழுங்கை நம் வேலியோடுதான் போகிறது. நீ சிலையைக் காட்டுவது யாருக்கு? கொழும்பு பார்க்காது. அந்த நாலு வீடும்தான் ஒவ்வொரு விடியவும் பார்க்கும்.

அதோடு, அந்தக் காணி எப்படி வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும்.

1990 ஒக்டோபர் 30 உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு வயது. ஒலிபெருக்கி கட்டி, முஸ்லிம் சனத்தை ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்து ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். ஊரை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம் என்று புலிகள் இயக்கம் சொன்னது. தையல்காரக் காக்கா வீட்டார் ஒழுங்கையால் போனார்கள். காக்கா தோளில் ஒரு பை. ராத்தா கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு. உன்னோடு பந்தடிக்கிற சின்னவன் கையில் அந்த மட்டை. நீ ஓடப் பார்த்தாய், நான்தான் உன் வாயைப் பொத்தி உள்ளே இழுத்தேன். மதிலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ராத்தா நம் படலையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு போத்தல் தண்ணியாவது கொடுத்திருக்கலாம். நாலு மாதம் முன்னால்தான் என் தாய்வீட்டார் வெறுங்கையோடு ஓடி வந்தார்கள், எனக்கு அது என்னவென்று தெரியாமல் இல்லை. பயம் என்று அப்பா சொன்னார். பயம்தான். ஆனால் கொஞ்சம் வேறு ஏதோவும் இருந்தது. காத்தான்குடிப் பள்ளிவாசலில் இயக்கம் முஸ்லிம்களைக் கொன்றது, கிழக்கில் இரண்டு பக்கமும் நடந்தது எல்லாம் கேள்விப்பட்டு, இவர்களும் சும்மா இருந்தவர்களா என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. தையல்காரருக்கும் கிழக்குக்கும் என்ன சம்பந்தம்?

2003இல் பாதை திறந்திருந்தபோது, நீ அனுப்பிய முதல் காசில் அந்த இரண்டு பரப்பையும் வாங்கினோம். அது உனக்குத் தெரியும். ஏ9 வழியாக நானும் அப்பாவும் புத்தளம் போனோம். ஓலைக் கொட்டில். காக்கா மௌத்தாகி மூன்று வருஷம். மூத்தவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், காசு அவசரம். நாங்கள் விலை பேசினோம். அப்பா பேசினார், நான் பக்கத்தில் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காசுக்கு அன்று ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் வரும். ராத்தா தேத்தண்ணி தந்தாள். தேசிக்காய் மரம் நிற்கிறதா என்று மட்டும் கேட்டாள். நொத்தாரிசு எழுதினார், உறுதி சுத்தம், ஒரு குறையும் பிடிக்க முடியாது. தையிட்டிக்காரியின் உறுதியைவிடச் சுத்தம். புறப்படும்போது, "எப்பவாவது திரும்பி வந்தால் இந்த விலைக்கே தாறோம்" என்று நான் ராத்தாவின் கையைப் பிடித்துச் சொன்னேன். யாரும் கேட்காமல் நானாகச் சொன்னேன்.

இனித்தான் உனக்குத் தெரியாதது. 2010இல் அந்தச் சின்னவன் வந்தான். தாடி வைத்து, நல்ல உயரம். படலையில் நின்று "அன்ரி" என்றான். யன்னலால் பார்த்து ஆளை அடையாளம் தெரிந்தது. நான் உள்ளேயே இருந்தேன். நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டாரிடம், உம்மா சொல்லிவிட்டா, அன்ரிக்கு விளங்கும் என்று சொல்லிவிட்டுப் போனானாம். உன்னையும் கேட்டானாம். இரண்டாம் தரம் வந்தபோது, மகன் பெயரில் இருக்கிறது, அவர் விற்கமாட்டார் என்று சொல்லி அனுப்பினேன். உன் பெயரைச் சொன்னேன், தம்பி. நீ என்ன சொல்வாய் என்று கேட்கக்கூட இல்லை. காணி விலை ஏறத் தொடங்கிய காலம். உன் பிள்ளைகளுக்கு ஊரில் ஒரு துண்டு நிலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொரோனா நேரம், 2020 டிசம்பரில், பிறந்து இருபது நாளான அந்த முஸ்லிம் பிள்ளையைத் தாய் தகப்பன் வேண்டாம் என்று சொல்லியும் எரித்தார்களே, அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்கு நடந்தவர்கள் முஸ்லிம்களின் ஜனாஸாவுக்காகவும் கேட்டார்கள் என்று நீயே பெருமையாக அனுப்பினாய். அன்றைக்கு உனக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். உன் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வைத்துவிட்டேன்.

கையெழுத்து நான் போடமாட்டேன். 9ஆம் உறுப்புரைக்கு எதிராக நீ எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை, எழுது. நல்லாக எழுதுகிறாய். ஆனால் இந்தக் காணியில் சிலை வேண்டாம். பள்ளிவாசலில் கேட்டு ஒரு நம்பர் எடுத்து வைத்திருக்கிறேன். ராத்தா இன்னும் இருக்கிறாளாம், கண் தெரியாதாம். காணி உன் பெயரில், என் கையெழுத்தும் வேண்டும் என்றாலும் நான் தனியே ஒன்றும் செய்ய முடியாது. 2003 விலைக்கு என்று நான் சொன்ன வாக்கு. உனக்கு அது நட்டம், எனக்குத் தெரியும். கோபித்தால் கோபி.

வெள்ளிக்கிழமை மாமியின் பேரனோடு புத்தளம் போவதாக இருக்கிறேன். பஸ்ஸில்தான். அதற்குள் போன் எடு. எடுத்தால் உடனே இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம், சின்னவளுக்குப் பல் விழுந்துவிட்டதா என்று முதலில் சொல்லு. குளிசையை மறக்காதே. தேசிக்காய் மரம் பட்டுப் பத்து வருஷமாகிறது, ராத்தா கேட்டால் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா