கழிவுநீருக்கு வழி செய்யாமல் இனி ஒரு அடுக்குமாடிக்கும் சான்று தராதீர்கள்: ஏரிக்கரைப் பகுதி மக்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஏரிக்கரை 2ஆவது குறுக்குத் தெரு மற்றும் அதை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் விடப்படுவதைத் தடுத்து நிறுத்தவும், கட்டி முடியும் நிலையில் உள்ள மற்ற கட்டடங்களை ஆய்வு செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் மண்டல அலுவலகத்திலும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் எங்கள் பகுதியை நன்கு அறிந்தவர். போன மழைக்காலத்துக்கு முன் வடிகால் தூர்வாரும் வேலையைப் பார்வையிட வந்தபோது, ஏரி மதகிலிருந்து பிள்ளையார் கோயில் முனை வரை நடந்தே வந்தீர்கள். அதனால் வழி சொல்லித் தங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. அன்று தாங்கள் நின்று பேசிய இடத்துக்கு நேர் எதிரே சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தார்களே, அந்தக் கட்டடம்தான் இப்போது 24 வீடுகளோடு நிற்கிறது. பக்கத்து மனையில் இன்னொன்று பூச்சு வேலையில் இருக்கிறது. முனையிலிருந்த ஓட்டு வீட்டையும் இடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

நாங்கள் அடுக்குமாடி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சென்னைக்குள் வீடு வாங்க முடியாதவர்கள் புறநகருக்குத்தான் வந்தாக வேண்டும். நாங்களும் ஒரு காலத்தில் அப்படி வந்தவர்கள்தான். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்தக் கட்டடங்களிலிருந்து வெளியேறும் கழிவுநீர் எங்கே போகிறது என்பதைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். அதைப் பணிவுடன் கீழே விளக்குகிறோம்.

1. எங்கள் தெருக்களில் பாதாள சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை. இது தங்களுக்குத் தெரிந்ததே. எல்லா வீட்டுக்கும் செப்டிக் டேங்க்தான்.

2. 24 வீடுகள் நிற்கிற இடத்தில் முன்பு இரண்டு தனி வீடுகள் இருந்தன. இரண்டிலும் சேர்த்துப் பத்துப் பேர். நகர்ப்புறத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது தங்கள் பொறியாளர்களே போடும் கணக்கு. அதன்படி முன்பு அந்த மனையிலிருந்து வெளியேறியது நாளொன்றுக்கு 1,080 லிட்டர். இப்போது வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தாலே 96 பேர், 10,368 லிட்டர். அங்கே வரும் கழிவுநீர் லாரி 9,000 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் தினமும் ஒரு லாரி எடுத்தாலும் மிச்சம் நிற்கும். ஆனால் லாரி வருவது வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் அதுவும் இல்லை. மீதி எங்கே போகிறது ஐயா? செப்டிக் டேங்க் என்பது கசடைக் கீழே தங்கவிட்டு மேல்நீரை வெளியே அனுப்பும் தொட்டி. அந்த மேல்நீரை மண் உறிஞ்ச வேண்டும். ஏரிக்கரைக் களிமண் எவ்வளவு உறிஞ்சும், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்து நிற்கும்போது? இந்தக் கேள்வி வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தபோதே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

3. மீதி எங்கே போகிறது என்பதை நாங்களே சொல்கிறோம். இரவு பதினொரு மணிக்கு மேல், தெருவில் நடமாட்டம் ஓய்ந்த பிறகு, கட்டடத்தின் பின்பக்கத் தொட்டியில் ஒரு மோட்டாரை இறக்குகிறார்கள். பச்சை நிற ஹோஸ் ஒன்று சுற்றுச்சுவரின் அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே வருகிறது. மழைநீர் வடிகாலின் மூன்றாவது மூடியில், தூக்குவதற்கென்று விட்ட துளைக்குள் அதைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். விடியற்காலையில் ஹோஸ் இருக்காது. மூடியைச் சுற்றி ஈரமும் நுரையும் இருக்கும், வாடை இருக்கும். அந்த வடிகால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த பிறகு, இனியாவது மழைநீர் ஏரிக்குப் போகட்டும் என்று நாங்கள் அலைந்து வாங்கிய வடிகால். அதில் இன்று மழைநீரைத் தவிர மற்றதெல்லாம் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதும் தப்பு, நிற்கிறது. மதகுப் பக்கம் வடிகாலின் தரைமட்டம் உயர்ந்திருப்பதால் தண்ணீர் திரும்பி வந்து எங்கள் வாசலில் பொங்குகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு முனை வரை போய் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பால் போடுபவர் தெருமுனையிலிருந்தே போன் செய்கிறார், நாங்கள் போய் வாங்கிக்கொள்கிறோம். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அமரர் ஊர்தி உள்ளே வர முடியவில்லை. பாடையைத் தூக்கியவர்கள் கணுக்கால் அளவு மலநீரில் நடந்துதான் அவரைக் கொண்டுபோனார்கள். அவருடைய மகன் வெறுங்காலோடு கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தாங்களும் ஒரு குடும்பத்துப் பிள்ளை, இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

4. இதைவிட எங்களை வாட்டுவது கிணறு. எங்கள் தெருவில் பெரும்பாலான பழைய வீடுகளில் உறைக்கிணறு இருக்கிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது, மாடித் தண்ணீர் முழுவதையும் குழாய் வைத்துக் கிணற்றுக்குள்ளேயே இறக்கினோம். அந்தப் பலனை 2019 கோடையில் பார்த்தோம். சென்னை முழுக்கக் குடத்தோடு லாரிக்கு நின்றபோதும் எங்கள் கிணறுகளில் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து இறைத்துப் போனார்கள். இன்று அந்தக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வைத்தால் அரை மணி நேரத்தில் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் படிகிறது, விரலால் கலைத்தால் துண்டு துண்டாகப் பிரிகிறது. குளித்தால் அரிப்பு. துணி துவைத்தால் துணியிலும் அதே வாடை. வடிகாலை ஒட்டிய வீடுகளில்தான் முதலில் இப்படி ஆனது, இப்போது உள்தள்ளி இருக்கும் வீடுகளுக்கும் பரவிவிட்டது. வயிற்றுப்போக்கு என்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனால், "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்கிறார் டாக்டர். குடிக்கிற தண்ணீரை நாங்கள் எப்போதோ கேனுக்கு மாற்றிவிட்டோம். பாத்திரம் கழுவுவதற்குமா கேன் வாங்குவது? கிணறு கெட்டால் அடுத்த வாரம் சரியாகிவிடும் பொருள் இல்லை ஐயா. இன்று ஹோஸை நிறுத்தினாலும் எத்தனை மழை பெய்து எத்தனை முறை இறைத்தால் அது தெளியும் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு நாள் தாமதமும் அந்தக் கிணற்றுக்குள்தான் இறங்குகிறது. கிணற்றைக் காப்பாற்றிக் கொடுங்கள். மற்றவற்றுக்கு நாங்கள் காத்திருக்கிறோம்.

5. இதில் எங்கள் தெருவே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கட்டுபவரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு மனையைக் கொடுத்தவர்கள், "உங்களுக்குப் பொறாமை, வளர்ச்சி வந்தால் உங்கள் மனைக்கும்தானே விலை ஏறும்" என்கிறார்கள். விலை ஏறியிருப்பது உண்மைதான், ஆனால் இந்த வாடையில் யார் வந்து வாங்குவார்கள்? மறுபக்கம், புதிதாகக் குடிவந்தவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அதையும் நாங்கள் ஏற்கவில்லை. அந்த 24 குடும்பங்களும் வங்கிக் கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள். தொட்டி எவ்வளவு பெரியது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது லாரிக்குக் காசு, மோட்டாருக்கு மின்சாரம், தெருவில் ஏச்சு எல்லாம் அவர்கள் தலையில். அவர்களில் சிலரும் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டம் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வருகிறது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் குறைபாட்டைக் கட்டியவரே தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அவரை அழைத்துப் பேசத் தங்களால் முடியும். எங்கள் போனை அவர் எடுப்பதே இல்லை.

6. வடிகாலில் கழிவுநீர் விடுவது குற்றம் என்று நாங்கள் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

7. முன்பு கொடுத்த மனுக்கள் என்ன ஆயின? கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது." என்ன நடவடிக்கை? யார் வந்தார்கள்? ஒருவர் பகலில் பைக்கில் வந்தார், வடிகால் மூடியைப் போட்டோ எடுத்தார், "கசிவு எதுவும் இல்லையே" என்றார், போய்விட்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தால் எப்படி இருக்கும்? சுகாதாரப் பிரிவில் கேட்டால் நகரமைப்புப் பிரிவு என்கிறார்கள். நகரமைப்புப் பிரிவில் கேட்டால், வரைபட அனுமதி மேலிடத்தில் கொடுத்தது, எங்களிடம் கோப்பே இல்லை என்கிறார்கள். பொறியியல் பிரிவில், பாதாள சாக்கடைத் திட்டம் வரும்போது எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். சரி, வரும்போது வரட்டும். அதுவரை எங்கள் கிணற்றில் என்ன இறங்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மன்னிக்கவும் ஐயா, கோபத்தில் எழுதிவிட்டோம். ஆனால் அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாலும் இதே வரிதான் வரும்.

8. சொத்து வரி மட்டும் தவறாமல் உயர்கிறது.

9. பக்கத்து மனைக் கட்டடம் இன்னும் சில மாதங்களில் முடிந்துவிடும். இதுதான் அவசரம். பணி நிறைவுச் சான்று கொடுப்பதற்கு முன்பு தொட்டியைத் திறந்து அளந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம். நிரந்தர மின் இணைப்புக்கு அந்தச் சான்று வேண்டும், அதனால் கடிவாளம் தங்கள் கையில்தான் இருக்கிறது. குடியேறிய பிறகு யாரையும் எழுப்பி அனுப்ப முடியாது, எழுப்பவும் கூடாது. இப்போது கேட்டால் ஒரு சுத்திகரிப்புத் தொட்டி கட்டுவதோடு போகும். பிறகு கேட்டால் அங்கேயும் ஒரு பச்சை ஹோஸ், நான்காவது மூடி.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியவை: முதலில் அந்த ஹோஸை நிறுத்தி, சுவரிலுள்ள ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். கழிவுநீர் முறையாக லாரியில் எடுக்கப்படுகிறதா என்று, ஏற்றிய நாளும் இறக்கிய இடமும் உள்ள ரசீதைக் கேட்டுப் பாருங்கள். அதே லாரி எங்கள் ஏரியிலேயே போய்க் கவிழ்த்தால் பிரயோஜனம் இல்லை. தொட்டியில் கசடு அடைத்துக்கொண்டால் எந்தத் தொழிலாளியையும் உள்ளே இறக்கக் கூடாது என்று அந்தக் கட்டடத்தாருக்கு எழுத்துமூலம் அறிவுறுத்துங்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பு இல்லாமல் அப்படி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது, ஆனாலும் அவசரத்தில் ஆள் தேடுவார்கள் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. அப்புறம், கிணற்று நீரை அரசு ஆய்வகத்தில் சோதித்து முடிவை எங்களுக்குத் தர வேண்டும். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் தெரிந்துகொள்கிறோம். வடிகாலின் மதகுப் பக்க மட்டத்தைச் சரிசெய்வது பெரிய வேலை என்று தெரியும். அதை அடுத்த பருவமழைக்கு முன் எடுத்துக்கொண்டால் போதும்.

திரும்பவும் ஒருமுறை பணிவுடன் வேண்டுகிறோம், கிணற்றைக் காப்பாற்றிக் கொடுங்கள். இந்த மனுவுக்கும் "முடித்து வைக்கப்பட்டது" என்று செய்தி வருமானால், யார் எந்தத் தேதியில் எதைப் பார்த்து முடித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். அந்த நிலை வர வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறோம்.

ஆய்வுக்கு வரும் நாளை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், கட்டடத்தாருக்கும் சொல்ல வேண்டாம். இரவு பதினொன்றரைக்கு மேல், மூன்றாவது மூடி அருகே வாருங்கள். காரை முனையிலேயே நிறுத்திவிடுங்கள், உள்ளே வராது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைப் பகுதிக் குடியிருப்போர்

(கையொப்பங்களும், இரவில் எடுத்த புகைப்படங்களும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள், எங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர் அவர்கள்.